பசிக்காத கேரக்டர்: சாப்பாட்டுக்குப் பதிலாக வரும் மாயப் பொருட்களை ஆட்டத்தில் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகக் கதை ஆடும் ரோல்-பிளேயிங் ஆட்டத்தில் ஒருவருக்கு மாய மோதிரம் ஒன்று கிடைக்கிறது. விரலில் போட்டால் பசிக்காது, தாகம் எடுக்காது. கேம் மாஸ்டராக (கதையையும் விதிகளையும் நடத்துபவராக) இருப்பவர்கள் பெரும்பாலும் இதைச் சின்னப் பரிசு என்று நினைத்துத்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் அது வாளும் இல்லை, கவசமும் இல்லை, சண்டையில் ஒரு புள்ளிகூடக் கூட்டாது. நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு கேம்பெயினில், அதாவது பல வாரம் தொடர்ந்து ஆடும் ஒரே கதையில், கொடுத்தேன். சில வாரம் கழித்துப் பாலைவனத்தைக் கடக்கும் பகுதி வந்தபோது, ஆளுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்த பயணத்தில் ஒருவருக்கு மட்டும் எந்தக் கவலையும் இல்லை. அதைக்கூடச் சமாளித்துவிட்டேன். என்னை உறுத்தியது வேறு. அந்த கேரக்டர் அதற்குப் பிறகு குழு நெருப்பு மூட்டி உட்காரும் எந்தக் காட்சியிலும் பேசவே இல்லை. ஆடியவருக்குக் கோபம் எதுவும் கிடையாது. மற்ற மூவரும் சமைத்துக்கொண்டும் பங்கு பிரித்துக்கொண்டும் இருக்க, அவருடைய கேரக்டருக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

அதிலிருந்துதான் இதை யோசிக்க ஆரம்பித்தேன். சாப்பாடு ஃபேண்டஸி ஆட்டத்தில் இரண்டு வேலை செய்கிறது: பயணத்துக்குக் கெடு வைக்கிறது, ஆட்களை ஒரே இடத்தில் உட்கார வைக்கிறது. விதிகள் முதல் வேலையைப் பற்றித்தான் அதிகம் பேசும். ஆனால் மாயப் பொருள் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விடும். கெடு போனால் வேறு கெடு வைத்துக்கொள்ளலாம், உட்கார்ந்து பேசும் இடம் போனால் அதைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். கீழே உள்ள படிகளை இதை மனதில் வைத்துப் படியுங்கள். உதாரணங்களைப் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்தும் பாத்ஃபைண்டரிலிருந்தும் எடுத்திருக்கிறேன், வேறு ஆட்டம் ஆடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் படி: உங்கள் ஆட்டத்தில் பசி இருக்கிறதா?

கடைசி ஐந்து செஷன்களில் (ஒருமுறை கூடி ஆடுவது ஒரு செஷன்) யாராவது ரேஷனை, அதாவது பயண உணவை, கணக்கிலிருந்து கழித்தார்களா என்று பாருங்கள். யாரும் கழிக்கவில்லை என்றால் உங்கள் மேசையில் பசி என்ற விதியே இல்லை, மோதிரம் வந்தாலும் வராவிட்டாலும் கணக்கில் எதுவும் மாறாது. அப்படிப்பட்டவர்கள் உடல், சாப்பாட்டு நேரம் பற்றிய படிகளுக்கு நேராகப் போய்விடலாம்.

மற்றவர்களுக்கு: பசி இந்த ஆட்டங்களில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 1974-ல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொகுப்பு, ஆடத் தேவையான பொருட்களின் பட்டியலில் 'அவுட்டோர் சர்வைவல்' என்ற பலகை விளையாட்டையும் சேர்த்திருந்தது. 1972-ல் அவலான் ஹில் வெளியிட்ட அந்த விளையாட்டில் காட்டில் மாட்டிக்கொண்டவர் பசியையும் தாகத்தையும் சமாளித்துப் பிழைக்க வேண்டும். ஆக, காட்டைக் கடப்பது என்றாலே கையில் இருக்கும் உணவு தீர்வதற்குள் கடப்பது என்றுதான் அப்போதிருந்தே அர்த்தம்.

இன்றைய விதிகளில் அந்தக் கெடு எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், நிறைய பேர் போட்டுப் பார்ப்பதே இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி ஒருவருக்கு நாளைக்கு 1 பவுண்டு உணவும் 1 கேலன் தண்ணீரும் வேண்டும், வெப்பமான இடத்தில் 2 கேலன். சாப்பிடாமல் 3 நாளோடு கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையரை (கேரக்டரின் உடல் உறுதிக்கான எண்ணை) கூட்டி வரும் நாட்கள் தாங்கலாம், குறைந்தபட்சம் 1 நாள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு லெவல் எக்ஸாஸ்ஷன் (களைப்பு), ஆறாவது லெவல் மரணம். மாடிஃபையர் +2 உள்ள ஒருவர் 5 நாள் எந்தப் பாதிப்பும் இல்லாமல் நடப்பார், 6-ம் நாள் முடிவில் சரிய ஆரம்பித்து 11-ம் நாள் முடிவில் சாவார். 2024 விதிகளில் எதுவுமே சாப்பிடாமல் 5 நாள் போனால் ஐந்தாம் நாள் முடிவில் ஒரு லெவல், அப்புறம் நாளுக்கு ஒன்று. எக்ஸாஸ்ஷனும் எளிமையாகிவிட்டது, ஒவ்வொரு லெவலுக்கும் டி20 (20 முகப் பகடை) உருட்டல்களில் 2 குறையும், வேகத்தில் 5 அடி குறையும்.

தண்ணீரோ பல மடங்கு கொடுமை. 2014 விதியில் தேவையில் பாதிகூடக் குடிக்காதவருக்கு அன்றைக்கே ஒரு லெவல், ஏற்கெனவே எக்ஸாஸ்ஷன் இருந்தால் இரண்டு லெவல். ஒரு சொட்டும் குடிக்காதவருக்கு முதல் நாள் 1, இரண்டாம் நாள் 3, மூன்றாம் நாள் 5 என்று ஏறி நான்காம் நாள் முடிவில் கதை முடிந்துவிடும். அதனால் உணவை மட்டும் மாற்றி, தண்ணீரை மாற்றாத பொருளுக்கும் இரண்டையும் மாற்றும் பொருளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. முதல் வகை பாலைவனத்தில் கிட்டத்தட்ட எதையும் மாற்றாது, அதைக் கொடுத்தால் உங்கள் பயணக் காட்சிகள் பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: விளக்கத்தை வரிவரியாகப் படியுங்கள்

"சாப்பிட வேண்டாம்" என்று எல்லோரும் ஒரே மாதிரி நினைவில் வைத்திருக்கும் பொருட்கள் உள்ளே வேறு வேறானவை. சில உதாரணங்கள்.

'ரிங் ஆஃப் சஸ்டெனன்ஸ்' டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 3.5 பதிப்பிலும் பாத்ஃபைண்டரிலும் இருக்கிறது. உடலுக்கு வேண்டிய ஊட்டத்தை அதுவே கொடுக்கும், அதோடு 2 மணி நேரத் தூக்கம் 8 மணி நேரத் தூக்கத்துக்குச் சமமாகிவிடும். ஆனால் ஒரு முழு வாரம் தொடர்ந்து போட்டிருந்தால்தான் வேலை செய்யத் தொடங்கும், கழற்றினால் திரும்ப ஒரு வாரம். இந்த ஒரு வாரத்தைப் பல மேசைகளில் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் அந்த மோதிரத்தின் உயிரே என்று தோன்றும். அவசரத்துக்கு இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்க முடியாது என்பது பெரிய விஷயம்.

ஐந்தாம் பதிப்பில் 'அயூன் ஸ்டோன் ஆஃப் சஸ்டெனன்ஸ்' இருக்கிறது, தலையைச் சுற்றி மிதக்கும் கல். அது சுற்றிக்கொண்டிருக்கும் வரை சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம். தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்யூன்மெண்ட் (பொருளோடு தன்னைப் பிணைத்துக்கொள்வது) வேண்டும், அதாவது ஒருவருக்கு இருக்கும் 3 பிணைப்பு இடத்தில் ஒன்று போய்விடும். எதிரி அதைப் பறிக்கவும் செய்யலாம், கஷ்டம்தான், ஏசி (தாக்குதல் உருட்டல் எட்ட வேண்டிய எண்) 24-ஐ எட்ட வேண்டும்.

'குட்பெரி' முதல் லெவல் ஸ்பெல் (மந்திரம்), பத்துப் பழம், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் ஊட்டம், 24 மணி நேரத்தில் சக்தி போய்விடும். ஊட்டம் என்று சொல்கிறது, தண்ணீர் என்று சொல்லவில்லை. இதைப் பற்றி உங்கள் மேசையில் முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள், நடுப் பாலைவனத்தில் வைத்து வாதாடினால் யாருக்கும் மனசு சரியாக இருக்காது. என் தீர்ப்பு, தண்ணீர் தனி.

'மர்லிண்ட்ஸ் ஸ்பூன்' பழைய பதிப்புகளில் வரும் கரண்டி. காலிப் பாத்திரத்தில் வைத்தால் கெட்டியான கூழ் நிரம்பும், நாளைக்கு நான்கு பேருக்குப் போதும், எல்லாச் சத்தும் உண்டு, ருசி மட்டும் நனைந்த அட்டையைப் போல. அதை எழுதியவர் அந்த ஒரு வரியில் ஒரு குழுவின் மாதக்கணக்கான பேச்சுக்கு வழி செய்து வைத்திருக்கிறார், நான் மிகவும் மதிக்கும் வரி அது.

படிக்கும்போது இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: பசி உணர்வு போகிறதா, இல்லை ஊட்டம் மட்டும் கிடைக்கிறதா? தண்ணீர் சேர்ந்ததா? தூக்கம்? சாப்பிட விரும்பினால் சாப்பிட முடியுமா? கழற்றினால் என்ன ஆகும்? விளக்கத்தில் பதில் இல்லாத கேள்விக்கு நீங்களே பதில் வையுங்கள், ஆட்டக்காரரிடம் சொல்லியும் விடுங்கள்.

விதிச் சிக்கல் ஒன்றும் உண்டு. 2014 விதியில் லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) எடுத்தால் எக்ஸாஸ்ஷன் ஒரு லெவல் குறையும், ஆனால் ஏதாவது சாப்பிட்டுக் குடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. கல்லைச் சுற்றவிட்டிருப்பவர் எதுவும் சாப்பிடவில்லை. அப்போது குறையுமா? எழுத்தைப் பிடித்துக்கொண்டால் குறையாது. அந்த நிபந்தனை பட்டினி கிடப்பவர் தூங்கியே தப்பித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன், அதனால் கல் வைத்திருப்பவரைச் சாப்பிட்டவராகவே கணக்கில் கொள்கிறேன். நீங்கள் எழுத்தின் பக்கம் நின்றாலும் தப்பில்லை, களைப்பு ஏறிய அன்றைக்கு மட்டும் அவர் நெருப்புப் பக்கம் வந்து ஒரு வாய் சாப்பிட வேண்டியிருக்கும். யோசித்துப் பார்த்தால் அது நல்ல காட்சிதான்.

மூன்றாம் படி: தன் பசியை ஆற்றுவதா, பிறர் பசியை ஆற்றுவதா?

இந்தப் பொருட்களை நான் இரண்டாகப் பிரிப்பேன். ஒன்று, போட்டிருப்பவரின் தேவையை இல்லாமலாக்குவது, மோதிரமும் கல்லும் இந்த வகை. இன்னொன்று, உணவைப் படைப்பது, கரண்டியும் குட்பெரியும் 'கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர்' ஸ்பெல்லும் இந்த வகை. விதியளவில் இரண்டும் ஒரே பிரச்சினையைத்தான் தீர்க்கின்றன, ஆனால் கேரக்டரை எதிரெதிர்த் திசையில் தள்ளும். முதல் வகை ஒருவரைக் குழுவிலிருந்து கழற்றிவிடும், இரண்டாவது வகை எல்லோரையும் ஒருவரிடம் வரவைக்கும்.

நமக்கு இது புதிது இல்லை. மணிமேகலைக்குத் தெய்வம் பசியை வெல்லும் மந்திரத்தையும் கொடுக்கிறது, பிறகு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் அவள் கைக்கு வருகிறது. மந்திரத்தை வைத்துக் கதை பெரிதாக எங்கும் போவதில்லை, பாத்திரத்தை வைத்துத்தான் நகர்கிறது. அதே பாத்திரத்தை முன்பு வைத்திருந்த ஆபுத்திரன் கதை இன்னும் ஆழம்: மழை பெய்து நாடு செழித்ததும் அவனிடம் உண்ண வருவார் யாரும் இல்லை, கடைசியில் ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டு, தனக்கு மட்டும் உணவு தரும் பாத்திரம் எனக்கு எதற்கு என்று அதைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான். பசித்தவர் இல்லாத இடத்தில் அந்த மாயப் பொருளுக்கு மதிப்பே இல்லை. ஒரு கேம் மாஸ்டருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அபூர்வம். உணவு படைக்கும் பொருளைக் கொடுத்தீர்கள் என்றால், பசித்தவர்களையும் கதைக்குள் கொண்டுவாருங்கள்.

சந்தேகமாக இருந்தால் எப்போதும் இரண்டாம் வகையையே கொடுங்கள் என்பது என் யோசனை. புதிதாக ஆட்டம் நடத்துபவர்களுக்கு இதை வற்புறுத்தியே சொல்வேன்.

மூன்றாவதாக ஒரு சின்ன வகையும் இருக்கிறது, பசியைத் தள்ளிப்போடுவது. 1987-ல் வந்த நெட்ஹேக் கணினி விளையாட்டில் 'ஸ்லோ டைஜெஷன்' மோதிரம் வழக்கமான பசியை நிறுத்திவிடும், ஆனால் மோதிரம் தானே 20 திருப்பத்துக்கு ஒரு புள்ளி உணவைக் குடித்துக்கொண்டிருக்கும். பசி போகவில்லை, மெதுவாகிறது. மேசை ஆட்டத்துக்கும் இது அருமையாகப் பொருந்தும்: வாரம் ஒரு வேளை சாப்பிட்டால் போதும் என்று வைத்தால் பயணக் கெடு நீளும், அழியாது, அந்த ஒரு வேளைக்கு எல்லோரும் கூடவும் செய்வார்கள்.

நான்காம் படி: உடலில் என்ன நடக்கிறது என்று முடிவு செய்யுங்கள்

விதிகள் இங்கே வாய் திறப்பதில்லை. ஆட்டக்காரர்கள் மூன்றாவது செஷனுக்குள் கேட்டுவிடுவார்கள்: வயிறு காலியாக இருக்குமா, எடை குறையுமா, கழிவு உண்டா, சாப்பிட்டால் என்ன ஆகும், குழந்தை பெற்றால் அந்தக் குழந்தைக்கும் ஊட்டம் போகுமா?

நிஜ உலகில் இதற்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. குடல் வேலை செய்யாத நோயாளிகளுக்கு முழு ஊட்டத்தையும் ரத்தக் குழாய் வழியாகவே கொடுக்கிறார்கள். உடலுக்கு வேண்டியதெல்லாம் போய்ச் சேர்ந்தாலும், வாயால் சாப்பிடாததன் ஏக்கம் பலருக்கு இருந்துகொண்டே இருக்கும், சமையல் வாசனை வரும் அறையில் உட்கார முடியாமல் எழுந்து போவதும் உண்டு. ஊட்டம் வேறு, சாப்பிடுவது வேறு. மோதிரக்காரரை ஆடும்போது இதை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வயிறு கிள்ளாது, ஆனால் வாயில் எச்சில் ஊறும், பழகிய நேரம் வந்தால் கை தானாக எதையோ தேடும், மென்று எத்தனை நாளாயிற்று என்று திடீரென்று நினைவு வரும்.

எதிர்ப்பக்கத்தையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் மோதிரம் இல்லாத மற்ற கேரக்டர்கள் பட்டினி கிடக்கும்போது எப்படி இருப்பார்கள் என்பதும் உங்கள் பொறுப்புதான். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45-ல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவரின் தலைமையில் 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். உடல் மெலிந்தது எதிர்பார்த்ததுதான். மனம் மாறியதுதான் பெரிய செய்தி: எந்நேரமும் உணவைப் பற்றியே பேச்சு, சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படிப்பது, சிடுசிடுப்பு, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று நம்மவர்கள் சொன்னது இதைத்தான். இப்போது இந்தக் குழுவின் நடுவே பசியே தெரியாத ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். மற்றவர்கள் ரொட்டித் துண்டு யாருக்கு என்று முறைத்துக்கொண்டிருக்கும்போது அவர் தெளிவாக, பொறுமையாக, நியாயம் பேசுவார். அந்தப் பொறுமையே அவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எக்ஸாஸ்ஷன் லெவல்கள் சொல்லாத ஒரு கதை இதில் இருக்கிறது, தயவுசெய்து இதை ஒரு செஷனாவது ஆடிப் பாருங்கள்.

சில தீர்ப்புகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மோதிரம் போட்டவர் விரும்பினால் சாப்பிடலாம், ருசி தெரியும், கழிவும் உண்டு. போஷன் (மாய மருந்து) குடித்தால் வழக்கம்போல வேலை செய்யும். உணவில் கலந்த விஷமும் வேலை செய்யும், மோதிரம் ஊட்டம் தருகிறதே தவிர விஷத்தை முறிப்பதாக எங்கும் சொல்லவில்லை. எடை மாறாது, அதாவது மெலியவும் மாட்டார், தேறவும் மாட்டார். கருவுற்றவருக்குக் குழந்தைக்கும் சேர்த்தே ஊட்டம் கிடைக்கும், இதில் ஆட்டக்காரரை யோசிக்க வைத்து அலைக்கழிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு ஒரு இடம் கொடுங்கள்

என்னைப் பொறுத்தவரை இந்த வழிகாட்டியில் இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறேன்.

ஆட்டத்தில் கேரக்டர்கள் ஒருவருக்கொருவர் மனம் திறக்கும் காட்சிகள் எங்கே வருகின்றன என்று உங்கள் பழைய ஆட்டங்களை நினைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் நெருப்புப் பக்கத்திலோ விடுதி மேசையிலோ வந்திருக்கும். கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு எளிதாக வரும், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர்களுக்கும் அப்படித்தான். "நான் ரொட்டியைப் பிய்த்து அவளிடம் நீட்டுகிறேன்" என்பது ஒரு செயல், அதற்குப் பதில் வரும். சாப்பிடாதவருக்கு அப்படி ஒரு செயல் இல்லை.

ஆகவே கேம் மாஸ்டர் அவருக்கு வேறொரு செயல் கொடுக்க வேண்டும். எனக்குப் பலித்தவை: அவரே சமைப்பவராக மாறுவது. பசிக்காதவர் மற்றவர்களுக்காகச் சமைக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தை ஆட்டக்காரரிடமே கேளுங்கள், நல்ல பதில் வரும். அடுத்து, அவர் காவல் இருக்கும் இடத்தை நெருப்புக்குப் பத்தடிக்குள் வையுங்கள், பேச்சில் கலந்துகொள்ளலாம். அடுத்து, அவர் பங்கு ரேஷன் யாருக்குப் போகிறது என்று ஒவ்வொரு நாளும் வெளிப்படையாகக் கேளுங்கள். இந்த ஒரே கேள்வி ஒரு மாதத்தில் குழுவுக்குள் யார் யாருக்கு நெருக்கம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

குழுவுக்கு வெளியேயும் இதே சிக்கல் உண்டு. விருந்தாளிக்கு உணவு வைப்பது எந்தக் கற்பனை உலகத்திலும் ஒரு பேச்சுதான்: உன்னை நம்புகிறேன், நீயும் என்னை நம்பு என்று சொல்வது. ஊர்த் தலைவர் தட்டை நீட்டும்போது "எனக்குத் தேவைப்படாது" என்று மோதிரக்காரர் சொன்னால் அவருக்கு அது என்னவாகக் கேட்கும்? விஷம் இருக்கும் என்று சந்தேகப்படுகிறானா, எங்கள் கை பட்டதை இழிவாக நினைக்கிறானா, இவன் மனிதன்தானா? இதற்குத் தனியாக உருட்டல் வைக்க வேண்டாம். அந்தத் தலைவரின் முகம் மாறுவதை மட்டும் சொல்லிவிட்டு ஆட்டக்காரரைப் பாருங்கள். அநேகமாக அவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுவார், தேவையில்லாமல் சாப்பிடும் அந்த ஒரு வாய்க்கு அந்த செஷனில் பெரிய மதிப்பு இருக்கும்.

வார்ஃபோர்ஜ்டு (உயிருள்ள இயந்திர மனிதர்) இனத்தை ஆடுபவர்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கும் உணவும் நீரும் வேண்டாம், ஆனால் உருவானதிலிருந்தே அப்படித்தான், இழந்தது என்று எதுவும் இல்லை. மோதிரக்காரர் ஒருநாள் அம்மா கையால் சாப்பிட்டவர். அந்த வித்தியாசத்தை ஆடுவதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது.

ஆறாம் படி: தூக்கத்தையும் சேர்த்து மாற்றும் பொருள் என்றால்

3.5 மோதிரத்தின் இரண்டு மணி நேரத் தூக்கம் சாப்பாட்டைவிடப் பெரிய மாற்றம். எல்லோரும் எட்டு மணி நேரம் தூங்க, இவருக்குத் தினமும் ஆறு மணி நேரம் உபரி. ஒரு மாதத்தில் 180 மணி நேரம், தனியாக, இருட்டில். அதை வைத்து என்ன செய்கிறார் என்று ஒருமுறை பொதுவாக முடிவு செய்துவிடுங்கள், ஒவ்வொரு இரவும் தனிக் காட்சி ஓட்டினால் மற்றவர்கள் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவார்கள். பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு ஒரு ஓட்டையையும் அடைத்திருக்கிறது: இரண்டு மணி நேரத்தில் ஓய்வெடுத்து ஸ்பெல்களைத் தயார் செய்யலாம், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் முடியாது. 3.5 ஆடுபவர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: உலகம் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது?

இப்படி ஒரு பொருள் இருக்கும் உலகில் படைகளும் சிறைகளும் நாம் அறிந்த மாதிரியே இருக்குமா என்று ஒருவர் கேட்பார். கணக்குப் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரியும். 3.5-ல் மோதிரம் 2,500 தங்கக் காசு, ஒரு நாள் ரேஷன் 5 வெள்ளிக் காசு, அதாவது அரைத் தங்கம். மோதிரத்தின் விலைக்கு 5,000 நாள் ரேஷன் வாங்கலாம், பதின்மூன்று வருஷத்துக்கும் மேல் வரும். ஆகவே சாப்பாட்டுச் செலவை மிச்சம் பிடிக்க யாரும் மோதிரம் வாங்கமாட்டார்கள். உணவு கொண்டுபோக முடியாத இடத்துக்குப் போகிறவரும், விஷத்துக்குப் பயந்து வாழும் அரசரும், தூக்கத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவரும்தான் வாங்குவார்கள். அப்படியென்றால் உங்கள் குழுவுக்குக் கிடைத்த மோதிரம் முன்பு இந்த மூவரில் ஒருவருடையது, கதை அங்கிருந்தே தொடங்கலாம்.

முற்றுகையும் அப்படியே. ஐந்தாம் பதிப்பில் 'கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர்' ஒருமுறை போட்டால் 45 பவுண்டு உணவு, 30 கேலன் தண்ணீர், 15 பேருக்கு ஒரு நாள். இது மூன்றாம் லெவல் ஸ்பெல், ஐந்தாம் லெவல் கிளெரிக்குக்கு (தெய்வ சக்தியால் ஸ்பெல் போடும் பூசாரிக்கு) ஒரு நாளைக்கு அந்த லெவலில் ஸ்பெல் போடும் இடம் இரண்டுதான், அதாவது 30 பேர். 300 பேர் உள்ள கோட்டைக்குப் பத்து கிளெரிக்குகள் வேண்டும், அவர்கள் காயம்பட்டவர்களுக்கென்று அந்த லெவலில் எதையும் மிச்சம் வைக்க முடியாது. முற்றுகை போடும் தளபதி உள்ளே எத்தனை கிளெரிக் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் விசாரிப்பார், அவர்களைக் குறிவைத்து ஆள் அனுப்புவார்.

சிறையைப் பற்றி ஒரு வரி: தட்டு தொடப்படாமல் திரும்பி வருவதைக் காவலாளி மூன்றாம் நாள் கவனித்துவிடுவார்.

எட்டாம் படி: பொருளை நீங்களே உருவாக்குவதாக இருந்தால்

மேலே உள்ள எதுவும் உங்களுக்குச் சரிவரவில்லை என்றால் சொந்தமாக ஒன்று செய்யுங்கள். ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள், அதுவும் மற்றவர்களோடு தொடர்புள்ளதாக இருக்கட்டும். "தினமும் 5 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) குறையும்" மாதிரியான விலை கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டு மறந்துபோகும். நான் இப்போது பயன்படுத்துவது ஒரு மரக் கிண்ணம்: அதில் வைத்த ஒரு கவளம் எத்தனை பேருக்கும் போதும், ஆனால் வைத்தவர் தன் பங்கிலிருந்து வைத்திருக்க வேண்டும், வைத்தவருக்கு அன்றைக்கு அது பசியாற்றாது. விதி இவ்வளவுதான். ஒவ்வொரு இரவும் யார் வைப்பது என்ற கேள்வி தானாக எழும், அதற்கு எந்த உருட்டலும் தேவைப்பட்டதில்லை.

ஒன்பதாம் படி: மோதிரம் கழலும் நாள்

திருட்டு, ஆன்டிமேஜிக் (மாயத்தை முடக்கும் சக்தி), கைது, எப்படியோ ஒருநாள் கழலும். அன்றைக்கு விதியை எப்படி எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே வைத்திருங்கள். கடைசி நிமிடம் வரை ஊட்டம் கிடைத்துக்கொண்டிருந்ததால் பட்டினி நாட்கள் கழன்ற அன்று பூஜ்யத்திலிருந்து எண்ணப்பட வேண்டும், பழைய மாதங்களைச் சேர்த்து ஆளைக் கொன்றுவிடாதீர்கள், அது துரோகம். ஆனால் மாதக்கணக்கில் பயன்படாத வயிறு முதல் நாளே முழு விருந்தை ஏற்றுக்கொள்ளாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். பசி எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்திருக்கும், முதலில் அதை நோய் என்றுகூட நினைப்பார்.

ஆட்டக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: முதலில் என்ன சாப்பிடுகிறாய், அதை யார் கொடுத்தது?

நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் குழுவில் இதைக் கேட்டேன். மோதிரத்தைப் பறித்துக்கொண்டு ஓடிய கொள்ளைக்காரர்களைத் துரத்திக் களைத்துப்போய் எல்லோரும் ஒரு குகைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பதில் சொல்ல வேண்டியவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது, கேம்பெயின் முழுக்கச் சமைத்துவந்த கேரக்டரை ஆடுபவர் தன் தாளைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். ரேஷன் கணக்கில் நான்கு மாதமாக நான்கு பங்கு கழித்து வந்திருந்தார், மூன்று இல்லை. "தினமும் உனக்கும் எடுத்துவைத்தேன், நீ வரவில்லை, காலையில் குதிரைக்குப் போட்டுவிடுவேன்" என்றார். அன்றைக்கு மீதி இரண்டு மணி நேரமும் யாரும் பகடையைத் தொடவில்லை, குகையை விட்டும் போகவில்லை.